மருந்தில்லாத அறை

கரும்பலகையின் மேல்பாதி என் கையை விட்டுப் போய் எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. நன்னூற் சூத்திரங்களைப் பலகையின் உச்சியிலிருந்து எழுதத் தொடங்குவது பதினெட்டு ஆண்டுப் பழக்கம். இப்போது நெஞ்சுயரத்தில் தொடங்கி முழங்கால் உயரத்தில் முடித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை மாணவர்கள் முன்னிருப்பவர்களின் தலைகளுக்கிடையே எட்டிப் பார்த்து எழுதினார்கள். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "ஐயா, நீங்க சொல்லச் சொல்ல மேல நான் எழுதிப் போடறனுங்க" என்றாள். அந்தக் கனிவு வலியை விட அதிகமாக உறைத்தது.

வலது தோள். முதலில் இரவில் மட்டும் வலித்தது. பிறகு அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமற் போயிற்று. பிறகு பேருந்தில் மேற்கம்பியைப் பிடிக்க முடியவில்லை. பின்பையிலிருந்து பணப்பையை எடுக்க முடியவில்லை. முதுகு தேய்க்க முடியவில்லை. எலும்பு மருத்துவர் கையைத் தூக்கிப் பார்த்தார், பின்னால் வளைத்துப் பார்த்தார். உறைந்த தோள்பட்டை என்றார். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வருவது, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருவது, பெரும்பாலும் ஓராண்டிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் தானாகவே இளகிவிடுவது. வலி மாத்திரை, உடற்பயிற்சி, மூன்று வாரம் கழித்து மறுபடி வாருங்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் அதையெல்லாம் சொல்லி முடிக்க அவருக்கு நான்கு நிமிடங்களே இருந்தன. வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள்.

'தானாகவே இளகிவிடும்' என்பது நோயாளிக்குச் சொல்லத் தகுந்த உண்மைதான். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு மூன்றாண்டு என்பது ஒரு கால அளவு அல்ல. வணிகவியல் துறை நண்பர் ஒருவர், "ஊசி போட்டுப் பாருங்களேன். மருந்து ஊசி இல்லீங்க, வெறும் ஊசி" என்றார். அப்படித்தான் நான் அக்குபங்சரிடம் போனேன்.

*

எங்கள் பக்கத்தில் உடம்பு என்பது ஒரு தொழிற்கருவி. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டுகிறவர்கள் நாள் முழுவதும் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பற்றவைக்கிறார்கள். லாரி ஓட்டுநர்களின் இடுப்பு தில்லிக்கும் கௌகாத்திக்கும் போய்த் திரும்புகிறது. திருச்செங்கோட்டு ஆழ்துளை ரிக் வண்டிகளில் ஏறிப் போன பையன்கள் மாதக்கணக்கில் வடநாட்டில் குழாய் தூக்குகிறார்கள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறியோட்டுகிறவர்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை செய்கிறார்கள். இவர்களில் யாரும் ஓய்வெடுக்க முடியாது. ஓய்வெடுக்கச் சொல்லாத வைத்தியமே இவர்களுக்கு வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களிலெல்லாம் 'ஹீலர்' என்ற பலகை தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நான் போனவரும் முன்பு தறி ஓட்டியவர்தான். வீட்டின் முன்னறை. ஒரு பாய், இரண்டு நாற்காலிகள், சுவரில் கோடுகளும் புள்ளிகளும் நிறைந்த ஒரு மனித உடல் படம். அலமாரி இல்லை, புட்டி இல்லை, மாத்திரை வாசனை இல்லை. மருந்தில்லாத ஒரு மருத்துவ அறைக்குள் அதற்கு முன் நான் நுழைந்ததில்லை.

"வாங்க சார், உட்காருங்க" என்றவர் என்ன நோய் என்று கேட்கவில்லை. இரண்டு மணிக்கட்டுகளையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நம் சித்த மருத்துவத்திலும் மூன்று விரல்களால்தான் நாடி பார்க்கிறார்கள். வளி, அழல், ஐயம் என்ற மூன்றை அவை தேடும். சீன முறையில் ஒரு கைக்கு மூன்று இடம், ஒவ்வோரிடத்திலும் மேலோட்டமாக ஒரு தொடுகை, அழுத்தி ஒரு தொடுகை. இரு கைகளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ஓடுபாதைகளை அவர்கள் கணிக்கிறார்கள். ஐந்து நிமிடம் என் கை அவர் கையில் இருந்தது. என் தந்தை இறந்தபின் என் கையை இவ்வளவு நேரம் வேறு எந்த ஆணும் பிடித்திருந்ததாக நினைவில்லை.

அன்று ஊசியே இல்லை. காலில் ஓரிடத்தைச் சுட்டுவிரலால் ஒரு நிமிடம் தொட்டார். "போதுமுங்க, போய்ட்டு வாங்க" என்றார். நான் விழித்தேன். "வலி தோள்ல இருக்குதுங்க" என்றேன். "தெரியுமுங்க சார்" என்று சிரித்தார். பசித்தால் சாப்பிடுங்கள், தாகம் எடுத்தால் தண்ணீர் குடியுங்கள், பத்து மணிக்கு முன் படுங்கள் என்றார். அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரே ஓர் ஊசி, சில நிமிடங்கள்.

முதன்முறை போகிறவர்கள் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்ற ஒரே பெயரில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, நாடி பார்த்து ஒரு புள்ளியை மட்டும் தொடுவது அல்லது ஓர் ஊசி வைப்பது. மற்றொன்று, சீனாவிலும் மேலை நாடுகளிலும் பரவலாக உள்ளது போல, பத்துப் பதினைந்து ஊசிகளை வைத்து இருபது முப்பது நிமிடம் படுக்கவைப்பது. முதலாவதை எதிர்பார்த்து இரண்டாவதற்குப் போனவர் பயந்துவிடுவார். இரண்டாவதை எதிர்பார்த்து முதலாவதற்குப் போனவர், என்னைப் போல, ஏமாந்துவிட்டோமோ என்று நினைப்பார்.

நான்கு வாரத்தில் வலி குறைந்தது. கை உயரவில்லை; ஆனால் உறக்கம் வந்தது. அவர் மேல் நம்பிக்கை வந்ததும் அப்போதுதான்.

*

இந்த ஊசி நம் நாட்டுக்கு வந்த வழியை அந்த நாட்களில் தேடிப் படித்தேன். 1938இல் ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்கு உதவ, இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் 1942இல் அங்கேயே இறந்தார். அவர் கதையைச் சாந்தாராம் திரைப்படமாக்கினார். அதே குழுவில் சென்று உயிரோடு திரும்பியவர் வங்காளத்தின் விஜய் குமார் பாசு. அவர் 1950களின் இறுதியில் மறுபடியும் சீனாவுக்குப் போய், இந்த ஊசி மருத்துவத்தைக் கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. ஊசி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. 1996இல் மேற்கு வங்கம் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

மேலை நாடுகளுக்கு இது பரவலாகத் தெரியவந்தது 1971இல். நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. ஊசி குத்தியே அறுவை செய்தார்கள் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். உண்மையில் அறுவை வழக்கமான மயக்க மருந்தில்தான் நடந்தது. அதற்குப் பிந்தைய வயிற்று உப்புசத்துக்கே முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி வைத்தார்கள். அவரே எழுதியதுதான் இது. வதந்திக்கு எப்போதும் மூலத்தை விட ஓர் அங்குலம் நீளம் அதிகம்.

என் ஹீலருக்கு வேறொரு வரலாறு இருந்தது. "இது நம்ம போகர் சீனாவுக்குக் கொண்டுபோனதுங்க சார்" என்றார். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை இருக்கிறது; அடிவாரத்தில் சித்தர் கோவில். காலாங்கிநாதர், போகர் ஆகியோரைச் சீனத்தோடு இணைக்கும் கதைகள் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தமிழாசிரியன் என்பதால் நான் மகிழ்வேன் என்று அவர் நினைத்திருக்கலாம். நம்மிடம் வர்மம் இருக்கிறது. அதற்குச் சுவடிகளும் ஆசான்களும் உண்டு. அதைக் காப்பாற்றச் சீனாவைக் கடன் கேட்க வேண்டியதில்லை. கதை கதையாகவே அழகானது. ஆனால் பெருமிதம் ஏறுகிற இடத்தில் கேள்வி கேட்கும் பழக்கம் இறங்கிவிடுகிறது. எனக்கு அதுதான் நடந்தது.

*

ஐந்தாவது வாரம் அவர், "சர்க்கரைக்கு மாத்திரை போடறீங்களா சார்?" என்று கேட்டார். ஆமென்றேன். "அத நிறுத்துங்க. ஒடம்புக்குத் தன்னைச் சரிபண்ணிக்கத் தெரியும். மாத்திரைதான் தடுக்குது" என்றார்.

எதையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்காதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். எட்டு ஆண்டுகளாக உண்டுவந்த மெட்ஃபார்மினை அன்றிரவே நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். அவர் சொன்ன காரணத்தால் அல்ல. என் கையை ஐந்து நிமிடம் பிடித்திருந்தவர் சொன்னதால். நான்கு நிமிடத்தில் என்னை வெளியே அனுப்பியவரின் மாத்திரையை விட, தொட்டவரின் வார்த்தை பெரிதாக இருந்தது.

பத்தொன்பது நாட்கள். நாக்கு வறண்டது, தாகம் எடுத்தால் தண்ணீர் குடி என்று அவர் சொல்லியிருந்ததால் நிறையக் குடித்தேன். இரவில் எழுந்தேன். கால்சட்டை தளர்ந்தது, உடம்பு இளைக்கிறது, நல்லதுதான் என்று எண்ணிக்கொண்டேன். இருபதாம் நாள் காலையில் என் மனைவி மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்க, போன மாசம் வாங்கின அட்டை அப்படியே இருக்குது. ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறீங்க. என்ன பண்ணிட்டிருக்கறீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்றே இரத்தம் கொடுத்தோம். வெறும் வயிற்றில் வழக்கமாக 130ஐ ஒட்டி இருப்பது 247 ஆகியிருந்தது. மருத்துவர் கோபப்படவில்லை. "உங்களை மாதிரிப் படிச்சவங்கதான் சார் நிறைய வர்றாங்க" என்று மட்டும் சொன்னார். உறைந்த தோளுக்கே சர்க்கரை ஒரு காரணம். தோளைக் குணப்படுத்தப் போய் அந்தக் காரணத்துக்கே தீனி போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. நான் இரண்டாம் வகை நோயாளி என்பதால் மாத்திரையை மறுபடி தொடங்கியதோடு போயிற்று. இன்சுலின் இல்லாமல் வாழ இயலாத முதல் வகைக் குழந்தை ஒன்றிடம் இதே சொல் சொல்லப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணும்போது இன்றும் உடம்பு பதறுகிறது.

*

ஊசியை நான் விடவில்லை என்பது நண்பர்கள் பலருக்கு வியப்பு. சேலத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். இயற்கை மருத்துவமும் யோகாவும் ஐந்தரை ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றவர். அந்தப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். அவர் முதலில் கேட்டது நான் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலை. "எதையும் நிறுத்தாதீங்க. இது அதுக்குத் துணைதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் படுத்தேன்.

எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மருந்து ஊசி உள்ளீடற்ற குழல். தசையை வெட்டிக்கொண்டு போகும். இந்த ஊசி உள்ளே துளையில்லாத மெல்லிய கம்பி. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் தடிமன். சிறு குழாய்க்குள் வைத்து விரலால் ஒரு தட்டு. எறும்பு கடித்ததற்கும் குறைவு. அதன்பின் மெல்ல உள்ளே செலுத்தித் திருகும்போதுதான் வேறொன்று வருகிறது.

"எப்படி இருக்குதுங்க சார்?" என்று கேட்டார். ஒரு தமிழாசிரியன் சொல்லில்லாமல் திணறினேன். வலி அல்ல. நம்மிடம் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, தெறிப்பு என்று வலிக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவற்றில் எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. சீனர்கள் இதை 'தெ சி' என்கிறார்கள். உயிராற்றல் வந்து சேர்வது என்று பொருள். அதற்கு நான்கு அடையாளங்கள் சொல்வார்கள்: புளிப்பு, மரமரப்பு, கனம், விம்மல். தசை வலிக்குப் புளிப்பு என்ற சொல் எனக்கு முதலில் விந்தையாக இருந்தது. பிறகு நினைவு வந்தது: மாங்காய் தின்ற பல்லை நாமும் 'புளித்துவிட்டது' என்றுதானே சொல்கிறோம்! தோளுக்குள் மாங்காய் தின்றது போல இருந்தது. அதற்கு மேல் துல்லியமாக என்னால் சொல்ல இயலாது.

புள்ளிகளின் பெயர்கள் ஒரு தனி இலக்கியம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ளது ஹெகு, 'கூடும் பள்ளத்தாக்கு'. உள்ளங்காலில் உள்ளது 'பொங்கும் ஊற்று'. உச்சந்தலையில் 'நூறு சந்திப்பு'. உடம்பை ஒரு நிலமாகக் கண்டவர்கள் வைத்த பெயர்கள். புள்ளியை அளப்பதும் நோயாளியின் சொந்தக் கட்டைவிரல் அகலத்தால்தான். அவரவர் கையே அவரவர் உடம்புக்கு அளவுகோல் என்பது விரற்கடையால் அளந்த நமக்கும் புதிதல்ல.

இன்னும் சில நடைமுறைகள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சிலருக்குத் தலைசுற்றும். முழங்காலுக்கும் முழங்கைக்கும் மேல் சுருட்டக்கூடிய தளர்ந்த உடை அணியுங்கள். ஊசி உறை உங்கள் கண் முன்னே பிரிக்கப்பட வேண்டும். ஒருவருக்குப் போட்டது ஒருமுறைதான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களும், கருவுற்றவர்களும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசியில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறையும் உண்டு. மார்பிலும் தோள்மேட்டிலும் ஆழமாகப் போனால் நுரையீரலைத் தொட்டுவிடும். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. ஆகவே உடற்கூறு படித்தவரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஊசி எடுத்த இடத்தில் ஒரு துளி இரத்தமோ சிறு கன்றலோ இருக்கலாம். முடிந்ததும் ஓர் அயர்வு வரும். கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுங்கள். ஒரே நாளில் குணம் எதிர்பார்க்க வேண்டாம். ஆறு, எட்டு அமர்வுகளுக்குப் பின்னும் மாற்றமே இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று நல்ல மருத்துவரே சொல்வார்.

*

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா?

2007இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 1162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு முறையான புள்ளிகளில் ஊசி. ஒரு பகுதிக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகப் பொய் ஊசி. மீதிப் பேருக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 விழுக்காடு. ஊசி வென்றது, ஆனால் பொய் ஊசியும் ஏறத்தாழ அதே அளவு வென்றது. இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல் இடுப்பு வலிக்கு 2009இல் இதைப் பரிந்துரைத்துவிட்டு 2016இல் கைவிட்டது. அறிஞர்களே இன்னும் வாதிடுகிறார்கள்.

மெய்யூசிக்கும் பொய்யூசிக்கும் பொதுவானது எது? ஒரு மனிதரை ஒருவர் படுக்கவைத்து, தொட்டு, அரை மணி நேரம் அவருக்காக ஒதுக்கியது. எனக்குத் திருக்குறளின் 95ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. 'மருந்து' என்று தலைப்பிட்டுப் பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசிவிட்டு, பத்தாவது குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார் வள்ளுவர்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர். ஆண்டுதோறும் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒரு பட்டியலாகத்தான் நடத்தியிருக்கிறேன்.

அந்த நான்கு நிமிட மருத்துவமனையில் மருந்து நிறைவாக இருந்தது. தீர்ப்பவருக்கு நோயுற்றவனைப் பார்க்க நேரமில்லை. தறிக்காரரின் அறையில் தீர்ப்பவரும் நோயுற்றவனும் முழுமையாக இருந்தோம். மருந்தின் இடம் காலி. காலியாக இருந்தது கூடக் குற்றமல்ல, அந்தக் காலியிடத்தையே தத்துவமாக்கியதுதான் குற்றம். வள்ளுவர் மூன்று கூறுகள் போதும் என்று சொல்லவில்லை. நான்காவது ஆளோ எங்கள் வீட்டிலேயே மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தோள் இப்போது முக்கால்வாசி எழுகிறது. ஊசியால் எழுந்ததா, சேலத்து மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளால் எழுந்ததா, எலும்பு மருத்துவர் முதல் நாளே சொன்னபடி காலம் முடிந்து இளகியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்க வேண்டிய அந்தக் காலத்தை ஊசி எனக்குத் தாங்கக்கூடியதாக ஆக்கியது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. அதற்குக் குறைவாக மதிக்கவும் வேண்டாம். வலிக்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். மாத்திரையை நிறுத்து என்ற சொல் காதில் விழுந்த அன்றே எழுந்து வந்துவிட வேண்டும், அவர் எவ்வளவு அன்பாக நம் கையைப் பிடித்திருந்தாலும்.

பலகையின் உச்சிக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது. முதல் வரியை அந்த மாணவியே எழுதுகிறாள். வீட்டில் மாத்திரை அட்டையை எண்ணும் வேலையை என் மனைவி இன்னும் விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை.